ஒற்றை மரையும் உதவிப் பெரும்படையும்

மலையை வில்லாக வளைத்தவர்களையும் மதயானையை மார்பால் தடுத்தவர்களையும் பாடிப் பாடித் தொண்டை வறண்டுபோன புலவர் பெருமக்களே, சற்று நகர்ந்து இடம் விடுங்கள். இதோ வருகிறான் எங்கள் தலைவன்: கொல்லிமலைக் காற்றும் மோகனூர்க் கரும்புப்பாகு வாசமும் வந்து கலக்கும் நாமக்கல் மாநகரில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசையைத் தாலாட்டாய்க் கேட்டு வளர்ந்தோன், இருபுறமும் சைக்கிள் சக்கரம் பூண்ட நாற்காலித் தேர் ஊர்வோன், திருப்புளி ஏந்திய திருக்கரத்தோன், முன்கோபத்தில் முனிவர்களைத் தோற்கடித்தோன், கமர்கட்டு மெல்லும் கடைவாயோன், கைலாசம் என்னும் நாமம் உடையோன். வாழ்க அவன் கொற்றம்! வாழ்க அவன் பட்டறை! அவனுக்கு உதவ வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று வாழ்க.

காவியம் என்றால் காப்புச் செய்யுள் வேண்டும். எனக்குச் செய்யுள் வராது. ஆகையால் உரைநடையிலேயே கும்பிட்டுக்கொள்கிறேன். மரை என்று எழுதுவதா மறை என்று எழுதுவதா எனப் பண்டிதர்கள் அடித்துக்கொள்ள, அதைப் பற்றிய கவலையே இல்லாமல் பட்டறைக்காரன் விரலிடுக்கில் சுழலும் திருகாணித் தெய்வமே! நீ இறுகினால் லாரி ஓடுகிறது, நீ கழன்றால் மனிதன் சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுகிறான். இந்தக் கதை முடியும் மட்டும் என் மண்டையில் இருக்கும் மரைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், தாயே.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. கைலாசத்துக்குக் குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் அவன் கால்கள் இரண்டையும் முழுதாகவும், வலக்கை விரல்களைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வலது உள்ளங்கை சக்கரத்தைத் தள்ளும், குண்டூசியைப் பிடிக்காது. இடக்கை எல்லாம் செய்யும். இதிலெல்லாம் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை, பழகிப்போன சங்கதி. அவனை வாட்டிய கொடுமை வேறு. அவனைச் சுற்றி எட்டுத் திசையும் நல்லவர்கள் இருந்தார்கள். அவன் சட்டைப் பித்தானைத் தொட்டால் போட்டுவிட ஒருவர், சோற்றில் கை வைத்தால் பிசைந்துகொடுக்க ஒருவர், அவன் பேசத் தொடங்கிய வாக்கியத்தைக்கூட ஓடி வந்து முடித்துவைக்க ஒருவர். பிறந்தது முதல் தான் ஆரம்பித்த எதையும் தானே முடித்ததில்லை என்பது அவன் நெஞ்சில் கொதிக்கும் துக்கம். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அதையும் யாராவது முடித்துவிடுவார்களே!

ரேடியோ, டேப்ரிக்கார்டர், டெலிவிஷன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், பத்திரிகைகளைப் படித்துப் படித்துக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தான். ஒருநாள் அண்ணன் தீர்த்தகிரியின் முன்னால் தேரை நிறுத்தினான். தீர்த்தகிரி பட்டறை முதலாளி; தன் பெயரைப் பின்கதவில் சுமந்த லாரி போகாத சாலை இந்தியாவிலேயே கிடையாது என்று நம்புவோன். கொட்டேஷனும் கணக்கும் இனி கம்ப்யூட்டரில் தானே போடுவதாகவும், ஆபீசில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்றும், நாற்காலிகூட வேண்டாம், அதைத் தானே கொண்டுவந்துவிடுவதாகவும் தம்பி விண்ணப்பித்தான். அண்ணன் மீசையை நீவிவிட்டு ஆணை பிறப்பித்தான்.

“ரெடிமேடா வாங்குனா யாரு வேணா ஓட்டுவானுங்க. சாமானம் வாங்கித் தாரேன், நீயே பாடி கட்டு. உன்ற கை மட்டுந்தான் படோணும். கட்டி ஓட்டிக் காட்டீட்டீன்னா ஆபீஸ் ரூமு உன்னுது. வேற ஒருத்தரு கை பட்டுச்சுன்னு வெய்யி, சேலத்துலருந்து ஆளப் போட்டுக்குவேன். அப்பறம் என்னயக் கொற சொல்லப்படாது!”

வேற்றூர் வாசகர்கள் இங்கே விழிக்க வேண்டாம். நாமக்கல்லில் எதுவும் பிறப்பதில்லை, எல்லாமே கட்டப்படும். கம்பெனியிலிருந்து வெறும் எலும்பாக ஒரு சேஸ் வரும்; அதன்மேல் மரமும் தகரமும் ஏற்றி இவர்கள் பாடி கட்டினால்தான் அது லாரி. ஆகவே பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டிகளில் கம்ப்யூட்டரின் உறுப்புகள் வந்து இறங்கியதும் பட்டறை அவற்றுக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டது. மதர்போர்டு சேஸ் ஆயிற்று, தகரக் கூடு கேபின் ஆயிற்று, பவர் சப்ளை பேட்டரிப் பெட்டி ஆயிற்று. கைலாசம் ஒவ்வொன்றையும் திருத்திச் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போருக்குக் குறித்த நாள் அமாவாசை. அங்கேதான் எங்கள் தலைவன் கோட்டைவிட்டான். அமாவாசைக்குப் பட்டறை லீவு; சுத்தியல் சத்தம் இருக்காது, தூசி பறக்காது, நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போட்டான். லீவு நாளில் வேலையில்லாத கைகள் அத்தனையும் வேலை தேடி அலையும் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவே இல்லை.

போர்க்களம் பட்டறையின் சாமான் ரூம். நடுவில் ஒரு குட்டை பெஞ்சு, அதன்மேல் வாய் திறந்த கேபின், அதன் எதிரே தேரில் தலைவன். வாசலில் அணிவகுத்து நின்றது உதவிப் பெரும்படை. தூசிப்படை எனப்படும் முன்னணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் வெள்ளியங்கிரி மேஸ்திரி, கைலாசத்தின் தேரையே தம் கையால் செய்தவர், உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் வெல்டிங் வைத்துத் தீர்த்துவிடலாம் என்னும் கொள்கையர். இடப்பக்கம் அண்ணி கமலவேணி, காபி டம்ளரே வாளாக, விசிறியே கேடயமாக. வலப்பக்கம் அத்தை மாரக்காள், அப்பாவுடன் பிறந்தவள், ‘பாவம்’ என்னும் ஒரே அம்பை அறாத்தூணியில் வைத்து மூச்சுக்கு மூச்சு எய்பவள். நடுவராக, ஓர் இரும்பு ஸ்டூலில், கையைக் கட்டிக்கொண்டு தீர்த்தகிரி. இவர்கள் யாருக்கும் கைலாசத்தின்மேல் துளிப் பகை கிடையாது. அதுதான் ஆபத்து.

முதல் தாக்குதல் மேஸ்திரியுடையது.

“ஏனுங்க தம்பி, இத்துனூண்டு மரையெல்லாம் எதுக்குங்க? நாலு மூலைக்கும் ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுட்டம்னா ஆயுசுக்கும் அசையாதுங்க.”

“மேஸ்திரி, அக்கட்டால போங்க!”

இடி விழுந்தாற்போன்ற அந்தச் சொல்லில் முன்னணிப் படை ஓரடி பின்வாங்கியது. இரண்டாவதாக அண்ணி விசிறியுடன் பாய்ந்தாள். வியர்வையைத் துடைப்பது உதவியா இல்லையா என்று நடுவரிடம் முறையீடு போனது. தம்பியைத் தொடலாம், மிஷினைத் தொடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் அவன் நெற்றி வாழ்நாளில் என்றும் இல்லாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. இத்தனை இடர்களுக்கு நடுவே எங்கள் தலைவன் மடங்கிய வலக்கையால் தகடுகளை அழுத்திப் பிடித்து, இடக்கையால் திருப்புளி சுழற்றி, மதர்போர்டைப் படுக்கவைத்து, பிளாப்பி டிரைவைப் பொருத்தி, பவர் சப்ளையின் நான்கு மரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கி, ஓர் எழுத்தும் ஓதாமலே நான்மறை முடித்தவன் ஆனான். பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மரை.

டிஸ்ப்ளே கார்டைக் கேபினின் முதுகோடு சேர்த்துப் பிடிக்கும் மரை அது. உளுந்தம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது. அதை இடக்கை நுனிவிரல்களால் எடுத்து, துளையின் வாயில் நிறுத்தி, திருப்புளியை வாயில் கவ்வி, மூச்சை அடக்கி, கண்ணிமைக்காது, சர்வ அங்கமும் ஒரே புள்ளியில் ஒடுங்க, எங்கள் தலைவன் முடுக்கத் தொடங்கிய அந்தப் பொல்லாத நேரத்தில், வாசலில் நின்ற மாரக்காள் இருபது பேர் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விட்டு, “பாவம் எம்புள்ள!” என்றாள்.

மரை நழுவியது. துளையைத் தொட்டு, கார்டைத் தொட்டு, டிங் என்று ஒரு தரம் சிரித்து, மதர்போர்டின் அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அது அங்கே கிடக்கையில் கரண்ட் கொடுத்தால் போர்டு புகைந்துவிடும். கைலாசம் வெலவெலத்துப்போனான். ஆனால் வாசலைப் பார்க்க வேண்டுமே! அத்தனை முகத்திலும் அப்படி ஒரு பிரகாசம். விழுந்துவிட்டதாம்! இனி உதவாமல் இருக்க முடியாதாம்! முரசு அறையவில்லை, சங்கு ஊதவில்லை, அதுதான் பாக்கி. மேஸ்திரி ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ப் பழைய ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து கழற்றிய, தோசைக்கல் பருமனில் ஒரு காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறையில் நட்டு கீழே விழுந்தால் காந்தம்தானே காட்டுவார்கள்! பெஞ்சின் ஓரத்தில் பிளாப்பித் தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மிஷினை எழுப்பும் மந்திரம் முழுவதும் அவற்றில்தான் இருந்தது. காந்தம் கிட்டே வந்தால் அத்தனையும் சுத்தம்.

“காந்தத்த வெளிய கொண்டுபோங்க! தட்டுல எழுதுனதெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க!”

மேஸ்திரி வாசற்படியில் நின்று ஒரு தட்டை உற்றுப் பார்த்தார்.

“எழுதுனதே கண்ணுக்குத் தெரியலீங்களே தம்பி. அழிஞ்சா மட்டும் எப்படிங்க தெரியும்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை. கைலாசம் விட்ட கர்ஜனையில் காந்தம் பட்டறையின் மறுகோடிக்குப் போயிற்று. அந்த இடைவெளியில் அத்தை வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள்.

“என்ற கை ஒல்லிக் கை சாமி. சித்தெ உட்டு எடுத்துத் தாரேன். யாரும் பாக்கல.”

யாரும் பார்க்கவில்லையாம்! நடுவர் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கைலாசம் தேரைக் குறுக்கே திருப்பிப் பெஞ்சை மறித்தான். “ஒருத்தரும் கம்முனு இருக்க மாட்டீங்களா?” என்று அவன் கத்தியபோது குரல் உடைந்துவிட்டது. கோபத்தில் உடைந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அழுகையில் உடைந்தது. கைக்கு எட்டிய ஆபீஸ் இந்த ஒல்லிக் கையால் போய்விடுமே என்று அவனுக்கு உள்ளூர நடுங்கியது.

பின்பு தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அதைக் கேபினின் முதுகைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இடக்கையில் சுற்றி, வலது உள்ளங்கையைக் கேபினின் அடிவிளிம்பில் முட்டுக்கொடுத்தான். அன்று தேவரும் அசுரரும் கூட்டமாகக் கூடி, மலையை மத்தாக்கி, பாம்பைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்தார்களே, அவர்களுக்கு ஆள்பலம் இருந்தது. இங்கே தேவரும் அவனே, அசுரரும் அவனே, சாயம்போன காடாத் துண்டே வாசுகி. கழுத்து நரம்பு புடைக்க, கடைவாய்க் கமர்கட்டு கன்னத்தில் பிதுங்க, தேரின் சக்கரங்கள் கிறீச்சிட, அந்த வீரன் இழுத்தான், இழுத்தான், கேபின் மெல்ல மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது, உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டது, அமுதம் வந்ததுபோல் மரை வெளியே வந்து தரையில் குதித்து, உருண்டு உருண்டு போய், சரியாக மாரக்காளின் காலடியில் நின்றது.

மாரக்காள் குனிந்து எடுத்தாள். “இந்தா சாமி” என்று நீட்டினாள்.

அண்ணியின் விசிறி நின்றது. ஸ்டூலில் இருந்த தீர்த்தகிரி தொண்டையைச் செருமினான்.

“கை பட்டுருச்சு.”

“மிஷின்ல படலீங்கண்ணா, தரையிலதான் பட்டுச்சு! அத்தே, எடுத்த எடத்துலயே போடுங்க!”

“எடுத்தத எப்பிடிச் சாமி மறுக்காக் கீழ போடறது? குனிஞ்சு எடுக்க முடியாத புள்ள...”

“போடுங்கத்தே!”

நடுவர் மீசையை நீவினார். பிறகு, போடலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். மாரக்காளின் ஆயுளில் அதுவரை ஒருவருக்கும் உதவி செய்யாமல் இருந்த பழக்கமில்லை. அந்தப் பாவப்பட்ட பெண்மணி கண்களில் நீர் கோக்க, எடுத்த இடத்திலேயே மரையை வைத்துவிட்டு, வைத்த கை மறுபடியும் போய்விடுமோ என்று பயந்து அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். இந்தக் காதையில் மிகக் கடினமான வீரச்செயல் அதுதான் என்பேன்.

தரையில் கிடந்த மரை இப்போது கைலாசத்தின் கைக்கு எட்டாது. குனிந்தால் தேர் கவிழும். அவன் வாயிலிருந்த கமர்கட்டை எடுத்தான். பாதி கரைந்து பிசுபிசுவென்று இருந்த அந்த அஸ்திரத்தை நீளத் திருப்புளியின் நுனியில் ஒட்டினான். கையை நீட்டிக் குத்தினான். மரை ஒட்டிக்கொண்டது! அப்படியே தூக்கி, வேட்டியில் துடைத்து, நக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, துளையில் வைத்து, இந்தமுறை அத்தையின் பக்கம் ஒரு பார்வை வீசி எச்சரித்துவிட்டு முடுக்கினான். அது சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கி, போதும் என்று இறுகி நின்றது. இவ்வளவு பெரிய யுத்தத்துக்குக் காரணமான அந்த மரையில் கொஞ்சம் வெல்லம் ஒட்டியிருந்தது.

மானிட்டரையும் கீபோர்டையும் இணைத்து, பிளாப்பியைச் செருகினான். சுவிட்சைப் போட்டான். காற்றாடி சுழன்றது, டிரைவ் கரகரத்தது, பீப் என்று ஒரு குரல் வந்தது. கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஓடி முடிந்து, ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. கைலாசம் தன் பெயரை ஆங்கிலத்தில் பாதி அடித்து, வேண்டுமென்றே நிறுத்தினான். கோடு மின்னியது. அவசரப்படவில்லை, மிச்சத்தைத் தானே போட்டுவிடவில்லை, ‘பாவம்’ என்று சொல்லவில்லை. அவன் எப்போது முடிக்கிறானோ அப்போது முடிக்கட்டும் என்று சும்மா காத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவனுக்காக இப்படிக் காத்திருந்த முதல் ஜீவன் அது. முழுப்பெயரையும் அடித்து முடித்து அவன் என்டரைத் தட்டியதும், அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று மிஷின் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. அந்த மரியாதைகூட அவனுக்குப் பிடித்திருந்தது.

“ஓடுதா?” என்றான் தீர்த்தகிரி.

“ஓடுதுங்கண்ணா.”

ஆனால் பாடி கட்டி முடித்த வண்டியைச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வெளியே விட்ட வரலாறு அந்தப் பட்டறைக்கு இல்லை. மேஸ்திரி அமாவாசைப் பூஜைக்கு வைத்திருந்த பழங்களோடு வந்து, மிஷினை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார்.

“எல்லாம் சரீங்க. இதுக்குச் சக்கரமே காணமே?”

இந்தத் தத்துவச் சிக்கல் எல்லோரையும் வாட்டியது. பின்பு மேஸ்திரியின் பார்வை தாம் செய்த நாற்காலித் தேரின்மேல் விழுந்தது. இரண்டு பழங்களை எடுத்து அதன் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் வைத்தார். கைலாசம் எரிந்து விழப்போகிறான் என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எரிந்து விழவில்லை. வாயைக் கோணிக்கொண்டு சிரித்தான். தேரைத் தள்ள ஆவலோடு நீண்ட கைகளை ஒரு முறைப்பில் திருப்பி அனுப்பிவிட்டு, தானே சக்கரத்தை உந்தினான். பழங்கள் சளக்கென்று நசுங்கின. கற்பூரம் எரிந்தது. அப்படியே உருண்டு பட்டறை வாசலுக்கு வந்தான் வெற்றி வீரன், பின்னால் வந்தது தோற்றுப்போன படை.

தீர்த்தகிரி நடுவாசலில் நின்று, தெரு கேட்க முழங்கினான்: “கட்டீட்டான்! எம்பட தம்பி கட்டீட்டான்! ஆபீஸ் ரூமு இனிமே அவனுது!”

வாசகர்களே, இங்கே ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். ஆபீஸ் ரூம் மாடியில் இருந்தது. ஒருக்களித்துத்தான் ஏற முடியும்படி ஓர் இரும்பு ஏணிப்படி, அதன் உச்சியில் ஆபீஸ். ஆணை பிறப்பித்தபோது தீர்த்தகிரிக்கு அது நினைவுக்கு வரவில்லை. தம்பி அங்கே வருவான் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்திராதவனுக்கு எப்படி வரும்? வேறு யாருக்கும் வரவில்லை. கைலாசம் ஒருவனுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து படியைப் பார்த்தார்கள். உடனே உதவிப் பெரும்படைக்குப் புத்துயிர் பிறந்தது! மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணி விசிறியைக் கீழே வைத்தாள். மாரக்காள் முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். தீர்த்தகிரியே ஒரு பக்கம் வந்து சக்கரத்தைப் பிடித்தான். “அலுங்காம மேல கொண்டுபோயர்லாம் கைலாசா, தினமும் காலைல ஏத்தி, பொழுதோட எறக்கிக்கலாம்” என்றான். அன்புதான், சந்தேகமே இல்லை.

கைலாசம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஒருத்தரும் என்னயத் தூக்கப்படாது. ஆபீஸத் தூக்கிக் கீழ கொண்டாங்க!”

“ஆபீஸ எப்பிடிறா தூக்கறது?”

“லாரி லாரியாக் கட்டி எறக்கறீங்க. ஒரு மேசைய எறக்க முடியாதுங்களா?”

தீர்த்தகிரி தான் தினமும் ஏறி இறங்கும் படியை முதன்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். பிறகு சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். “மேஸ்திரி, மேல போங்க” என்றான். அதன்பின், வேலை தேடித் தேடி நாளெல்லாம் ஏங்கிய அந்த மாபெரும் சேனை ஆரவாரத்தோடு படியேறி, கனத்த தேக்கு மேசையைக் கயிறு கட்டி மேஸ்திரி தோளில் தாங்கி இறக்க, அண்ணி காலண்டரையும் சாமி படத்தையும் மார்போடு அணைத்து வர, அத்தை மாரக்காள் மூச்சு வாங்க டெலிபோனைத் தலையில் வைத்து ஒயர் பின்னால் இழுபட இறங்க, முதலாளியின் சுழல்நாற்காலி தலைகீழாக வந்து சேர, தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்க, கைலாசம் கீழே இருந்தபடி ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது ஆபீஸ் கீழே இருக்கிறது.